கோபா வருகிறானா, வருகிறதா?

‘டான் ஆஃப் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படத்தில் ஒரு காட்சி உண்டு. சான் ஃபிரான்சிஸ்கோவில் ஓர் ஆயுதக் கிடங்கு. ரெண்டு பேர் துப்பாக்கிகளைச் சோதித்துப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். கொள்ளை நோயில் உலகமே காலியாகிப் பத்து வருஷம் ஆகிறது. அங்கே கோபா வருகிறது. இல்லை, கோபா வருகிறான்.

தமிழில் எழுத உட்கார்ந்தால் முதல் வரியிலேயே இந்தச் சிக்கல் வந்துவிடுகிறது பாருங்கள். நம் இலக்கணம் தப்பிக்க விடாது. உயர்திணையா, அஃறிணையா? முடிவு பண்ணாமல் ஒரு வினைச்சொல்லைக்கூட முடிக்க முடியாது.

கோபா ஒரு போனபோ குரங்கு. ஆய்வுக்கூடத்தில் வருஷக்கணக்காக ஊசி குத்தப்பட்டு, அறுக்கப்பட்டு, ஒரு கண் பழுதானவன். அவனுக்குப் பேசத் தெரியும், குதிரை ஏறத் தெரியும். ஆனால் அந்த ரெண்டு மனிதர்கள் முன்னால் அவன் என்ன செய்கிறான்? சர்க்கஸ் குரங்கு மாதிரி நடிக்கிறான். உதட்டைப் பிதுக்கி, பல்லைக் காட்டி, கோமாளித்தனம் பண்ணுகிறான். அவர்களும் சிரித்துவிட்டுத் துரத்திவிடுகிறார்கள். அடுத்த தடவை வரும்போது இன்னும் நெருங்கி உட்கார்கிறான், அவர்களுடைய மதுவை வாங்கிக் குடிக்கிறான். சிரிப்பு அடங்குவதற்குள் துப்பாக்கி அவன் கைக்குப் போய்விடுகிறது. ரெண்டு பேரும் காலி.

ஒரு மனிதன் (நடிகர் டோபி கெப்பல்) குரங்காக நடிக்கிறான். அந்தக் குரங்கு, மனிதர்கள் எதிர்பார்க்கும் குரங்காக நடிக்கிறது. வேஷத்துக்குள் வேஷம். ஐம்பது வருஷமாக வந்துகொண்டிருக்கும் இந்தக் குரங்குப் படங்களின் மொத்த வரலாறும் அந்த ஒரு காட்சிக்குள் அடங்கியிருக்கிறது என்பது என் எண்ணம். யார் யாருடைய வேஷத்தைப் போட்டார்கள், யார் பெயர் வெளியே வந்தது, யார் பெயர் உள்ளேயே மறைந்தது என்பதுதான் அந்த வரலாறு. அது தொடங்குவது ஹாலிவுட்டில் இல்லை, மலாயா ரப்பர் தோட்டத்தில்.

*

பியர் பூல் 1912-ல் பிரான்ஸின் அவிஞோனில் பிறந்தவர். படித்தது இன்ஜினியரிங். 1936-ல் மலாயாவுக்குப் போய் ரப்பர் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அந்தக் காலத்து மலாயா ரப்பர் தோட்டம் என்றால் பால் மரம் சீவியவர்கள் யார் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சாவூர், திருச்சி, சேலம் பக்கமிருந்து கப்பலேறிப் போனவர்கள். மேலே துரை, நடுவே கங்காணி, கீழே லயத்தில் அவர்கள். பூல் இருந்தது துரைமார் பக்கம்.

போர் வந்தது. பூல் டி கோலின் சுதந்திர பிரெஞ்சுப் படையில் சேர்ந்தார். இந்தோசீனாவுக்குள் ரகசியமாக நுழைய முயன்று 1942-ல் மெக்காங் ஆற்றில் பிடிபட்டார். பிடித்தது ஜப்பானியர் இல்லை, அவர் நாட்டுக்காரர்களே, விஷி அரசின் பிரெஞ்சு அதிகாரிகள். ஆயுள் முழுக்கக் கடுங்காவல் என்று தீர்ப்பு. 1944-ல் தப்பினார். போருக்குப் பிறகு கொஞ்ச காலம் மறுபடி தோட்டம், அப்புறம் பாரிஸ், எழுத்து.

1963-ல் ‘குரங்குகளின் கிரகம்’ நாவல் வந்தது. மிருகக்காட்சிசாலையில் கொரில்லாக்களின் முகபாவம் மனிதர் மாதிரியே இருந்ததைப் பார்த்துத்தான் இது தோன்றியது என்று பூல் சொல்லியிருக்கிறார். இருக்கட்டும். ஆனால் நாவலின் நடுவே இருக்கும் பயத்தைக் கவனியுங்கள். அந்தக் கிரகத்தில் ஒரு காலத்தில் மனிதர்கள்தான் எஜமானர்கள், குரங்குகள் வீட்டு வேலைக்காரர்கள். வேலைக்காரன் எஜமானைப் பார்த்துப் பார்த்துப் பழகுகிறான். ஒருநாள் எதிர்த்து நிற்கிறான். சோம்பேறியாகிப்போன எஜமானன் சண்டைகூடப் போடாமல் வீட்டை விட்டு வெளியேறுகிறான்.

இதைத் தோட்டத் துரையின் கெட்ட கனவு என்று வாசிக்க ஆராய்ச்சியெல்லாம் தேவையில்லை. தினமும் காலையில் தனக்கு சலாம் வைக்கும் நூற்றுக்கணக்கான பேர் ஒருநாள் வைக்காமல் நின்றால்? அதிகாரத்தில் இருக்கும் எவனுக்கும் உள்ளூர இருக்கும் பயம்தான். பூல் கெட்டிக்காரர், அந்த எஜமானர்களையே கிண்டலும் பண்ணுகிறார். ஆனால் கதையைச் சொல்வது எஜமானின் கண்ணிலிருந்துதான்.

*

பூலின் இன்னொரு நாவல் நமக்கு இன்னும் பக்கத்தில் வருகிறது. 1952-ல் வந்த ‘குவாய் நதிப் பாலம்’. சயாம்-பர்மா ரயில் பாதை போட ஜப்பானியர் பிரிட்டிஷ் போர்க்கைதிகளை வதைத்த பின்னணியில் எழுதிய கற்பனைக் கதை. டேவிட் லீன் அதை 1957-ல் படமாக்கினார். படத்தில் வரும் பாலத்தை இலங்கையில் கித்துல்கல பக்கம் களனி ஆற்றில் கட்டினார்கள். ஏழு ஆஸ்கர்.

அந்த ரயில் பாதையில் வேலை செய்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60,000-க்கும் மேல். செத்தவர்கள் 12,000-க்கும் மேல். ஆசியத் தொழிலாளர்கள் இதைவிடப் பல மடங்கு. தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் எல்லாம் சேர்த்து ஏறத்தாழ இரண்டு லட்சம் பேர், செத்தவர்கள் 90,000 அளவில் என்பது பொதுவாகச் சொல்லப்படும் மதிப்பீடு. மதிப்பீடுதான், ஏனென்றால் அவர்களை யாரும் எண்ணி வைக்கவில்லை. மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் ஆட்கள் ஆயிரமாயிரமாகக் கொண்டுபோகப்பட்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு வரிசை வரிசையாகப் பெயர் பொறித்த கல்லறைகள் உண்டு. ரயில் பாதை ஓரம் காலராவில் செத்த தமிழனுக்குக் கல் கிடையாது.

படத்தில் அவன் இருக்கிறானா? தேடிப் பாருங்கள். அது பிரிட்டிஷ் கர்னலின் கௌரவம் பற்றிய படம். தமிழன் வர வேண்டுமானால் ஆர். சண்முகத்தின் ‘சயாம் மரண ரயில்’, அ. ரெங்கசாமியின் ‘நினைவுச் சின்னம்’ மாதிரி மலேசியத் தமிழ் நாவல்களுக்குத்தான் போக வேண்டும்.

அந்தப் படத்தின் ஆஸ்கரிலும் ஒரு வேஷம் இருந்தது. சிறந்த திரைக்கதைக்கான விருது பியர் பூலுக்குப் போனது. ஆனால் அவர் அந்தத் திரைக்கதையை எழுதவில்லை. எழுதியது கார்ல் ஃபோர்மனும் மைக்கேல் வில்சனும். இரண்டு பேரும் கம்யூனிஸ்ட் வேட்டைக் காலத்தில் ஹாலிவுட்டின் கறுப்புப் பட்டியலில் இருந்தவர்கள், பெயர் போட்டால் படம் ஓடாது. வில்சன் 1951-ல் விசாரணைக் குழு முன் பதில் சொல்ல மறுத்தவர். அடுத்த வருஷமே அவருக்கு வேறொரு படத்துக்கு ஆஸ்கர் கிடைத்தது, ஆனால் வேலை போனது போனதுதான். அதன்பின் அவர் எழுதிய பல படங்களில் அவர் பெயரே வரவில்லை. குவாய் படத்துக்கு அவர்கள் இருவருக்கும் உரிய விருதை அகாடமி ஒப்புக்கொண்டது 1984-ல். வில்சன் 1978-லேயே இறந்துவிட்டார். ஃபோர்மனும் போய்விட்டிருந்தார்.

இந்த மைக்கேல் வில்சன்தான் 1968-ல் ‘பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படத்தின் திரைக்கதையை எழுதியவர்களில் ஒருவர். முதலில் எழுதிய ராட் செர்லிங்கின் வடிவத்தை வில்சன் திருத்தி எழுதினார். இந்தத் தடவை பெயர் திரையில் வந்தது.

*

1968 படத்தில் ஒரு விசாரணைக் காட்சி. மனிதன் டெய்லரைக் குரங்கு நீதிமன்றத்தில் நிறுத்துகிறார்கள். மனிதனுக்குச் சட்டத்தில் உரிமையே கிடையாது, ஆகவே அவன் பேசக்கூடாது. அவனுக்காகப் பேசும் சிம்பன்சி விஞ்ஞானிகள் மீதே மதத்துரோகக் குற்றச்சாட்டு. மூன்று ஒராங்குட்டான் நீதிபதிகள் கண்ணையும் காதையும் வாயையும் பொத்திக்கொள்கிறார்கள். எழுதியவரின் வாழ்க்கையைத் தெரிந்துகொண்டு பார்த்தால் அது வெறும் வேடிக்கையாகத் தெரியாது.

டெய்லருக்காகப் பேசும் சிம்பன்சி டாக்டர் சீராவாக நடித்தவர் கிம் ஹன்டர். 1951-ன் ‘எ ஸ்ட்ரீட்கார் நேம்ட் டிசையர்’ படத்துக்கு ஆஸ்கர் வாங்கியவர். அவரும் கறுப்புப் பட்டியலில் மாட்டி, சினிமா வாய்ப்பு இல்லாமல் வருஷங்களைக் கழித்தவர்தான். ஒளித்துவைக்கப்பட்ட எழுத்தாளர் எழுதிய காட்சியில், ஒதுக்கப்பட்ட நடிகை, ரப்பர் முகத்துக்குள்.

அந்த முகத்தைச் செய்தவர் ஜான் சேம்பர்ஸ். இரண்டாம் உலகப் போரில் முகம் சிதைந்து, கை கால் இழந்து திரும்பிய சிப்பாய்களுக்குச் செயற்கை மூக்கும் காதும் செய்துகொடுத்து வேலை கற்றவர். நுரை ரப்பரில் துண்டு துண்டாகச் செய்து நடிகரின் தோலில் ஒட்டினார். கண்ணை மட்டும் மறைக்கவில்லை. ஒட்டி முடிக்கவே மணிக்கணக்கில் ஆகும். சாப்பிடும்போது வாய் எங்கே இருக்கிறது என்று கண்ணாடியில் பார்க்க வேண்டும். ரப்பர் உதட்டுக்கு ரொம்பப் பின்னால் இருக்குமே அசல் வாய்!

படப்பிடிப்பில் யாரும் திட்டமிடாத ஒன்று நடந்தது. மதிய உணவு இடைவேளையில் கொரில்லா வேஷக்காரர்கள் ஒரு பக்கம், சிம்பன்சிகள் ஒரு பக்கம், ஒராங்குட்டான்கள் ஒரு பக்கம் என்று தனித்தனியாக உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டார்கள். சார்ல்டன் ஹெஸ்டனும் கிம் ஹன்டரும் பின்னாளில் இதைச் சொல்லியிருக்கிறார்கள். யாரும் அப்படி உட்காரச் சொல்லவில்லை. முகமூடி போதுமாக இருந்தது. பந்தி பிரித்துப் போட்ட ஊர்க்காரர்கள் நாம், நமக்கு இதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது?

மேக்கப்புக்கு அப்போது தனி ஆஸ்கர் பிரிவு கிடையாது. சேம்பர்ஸுக்கு ஒரு கௌரவ விருது கொடுத்தார்கள். 1969 விழா மேடையில் கோட்டு சூட்டு மாட்டிய நிஜச் சிம்பன்சி ஒன்றைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அரங்கம் சிரித்தது. மனிதன் குரங்காக நடித்ததற்கு விருது, குரங்கு மனிதனாக நடித்ததற்குக் கைத்தட்டல். சிம்பன்சி பல்லை முழுசாகக் காட்டினால் பெரும்பாலும் அது சிரிப்பு இல்லை, பயம். விளம்பரங்களிலும் படங்களிலும் ‘சிரிக்கும் குரங்கு’ என்று நாம் பார்த்து ரசித்ததில் பாதி இந்தப் பயம்தான்.

*

தொடர்ச்சிப் படங்கள் வரிசையாக வந்தன. அதில் முக்கியமானது 1972-ன் ‘கான்குவெஸ்ட் ஆஃப் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’. பட்ஜெட் குறைவு, ஆனால் கோபம் அதிகம். இங்கே குரங்குகள் அடிமைகள். சந்தையில் ஏலம் விடுகிறார்கள், அடித்துப் பழக்குகிறார்கள். சீசர் என்ற சிம்பன்சி கலகத்தைத் தலைமையேற்று நடத்துகிறான். 1965-ல் லாஸ் ஏஞ்சலிஸின் வாட்ஸ் பகுதியில் கறுப்பின மக்கள் நடத்திய எழுச்சியின் செய்திப் படங்களை மனதில் வைத்தே இயக்குநர் ஜே. லீ தாம்ப்சன் கலகக் காட்சிகளை எடுத்தார்.

முதலில் எடுத்த முடிவில் சீசர் இரக்கம் காட்டவில்லை. முன்னோட்டக் காட்சியில் பார்வையாளர்கள் மிரண்டுபோனார்கள். மாற்று என்றார்கள். மறுபடி எடுக்கக் காசு இல்லை. என்ன பண்ணினார்கள் தெரியுமா? நடிகர் ராடி மெக்டவாலைக் கூப்பிட்டுச் சமாதானமான வசனத்தைப் பேசவைத்துப் பதிவு பண்ணினார்கள். வாயசைவு பொருந்தாதே? சீசரின் கண்ணை மட்டும் பெரிதாக்கிக் காட்டினார்கள். திரையில் கண்கள் எரிகின்றன, ஒலிப்பதிவில் கருணை வழிகிறது. பழைய முடிவு 2008-ல்தான் டிஸ்க்கில் வெளியே வந்தது.

அடிமை கலகம் பண்ணலாம், ஆனால் பார்க்கிறவன் பயப்படாத அளவுக்குத்தான் பண்ண வேண்டும். அவன் வாயைப் பொத்தி, வேறு வார்த்தையைப் போட்டுவிடலாம். இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், 2014 படத்துக்கு வரும்போது தேவைப்படும்.

*

இப்போது மோஷன் கேப்சர். இது ஏதோ கம்ப்யூட்டர் காலத்துப் புதுசு என்று நினைக்க வேண்டாம். மேக்ஸ் ஃபிளைஷர் 1915-லேயே ரோட்டாஸ்கோப் என்ற கருவிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். தம்பி டேவுக்குக் கோமாளி உடை மாட்டி ஆடவிட்டுப் படம் எடுத்து, ஒவ்வொரு ஃபிரேமாக அதன்மேல் வரைந்தார். 1937-ல் டிஸ்னியின் ‘ஸ்னோ ஒயிட்’டுக்கு ஆடிக் காட்டியவர் மார்ஜரி பெல்ச்சர் என்ற இளம் நடனக்காரி. அசைவு அவருடையது, ஆனால் டைட்டிலில் அவர் பெயர் இல்லை.

2002-ல் ‘தி டூ டவர்ஸ்’ படத்தின் கோலம் பாத்திரத்துக்குக் குரல் கொடுக்க வந்த ஆண்டி செர்கிஸ், உடம்பையும் சேர்த்துக் கொடுத்தார். 2005-ல் அவரே கிங் காங். 2011-ல் ‘ரைஸ் ஆஃப் தி பிளானட் ஆஃப் தி ஏப்ஸ்’ படத்தில் சீசர். அதுவரை ஸ்டூடியோவுக்குள் முடங்கிக் கிடந்த மோஷன் கேப்சரை அந்தப் படத்தில் வெட்டவெளிக்குக் கொண்டுவந்தார்கள். மேட் ரீவ்ஸ் இயக்கிய 2014 படம் இன்னும் ஒரு படி மேலே போனது. கனடாவின் மேற்குக் கரையில் உள்ள மழைக்காட்டில், நனைந்த மண்ணில், சாம்பல் நிற உடையில், கைக்கு நீளம் கூட்டும் ஊன்றுகோல்களோடு நடிகர்கள் நாலு காலில் ஓடினார்கள். முகத்தில் புள்ளிகள், முகத்துக்கு முன்னால் தலைக்கவசத்தில் பொருத்திய சின்னக் கேமரா.

அந்தப் பதிவு நியூசிலாந்தின் வீட்டா நிறுவனத்துக்குப் போகும். அங்கே என்ன நடக்கிறது என்பதில்தான் சண்டை. மனிதனுக்கு மூக்கு நீண்டு, வாய் உள்ளே. சிம்பன்சிக்கு மூக்கு சப்பை, வாய் முன்னால் தள்ளியது. செர்கிஸ் உதட்டை இறுக்கினால் அதை அப்படியே சீசருக்கு மாற்ற முடியாது. இந்தக் கோபம் அந்த வாயில் எப்படித் தெரியும் என்று ஒரு அனிமேட்டர் உட்கார்ந்து யோசிக்க வேண்டும். ஈர ரோமம், கண்ணில் விழும் வெளிச்சம், தாடைத் தசை எல்லாம் ஃபிரேம் ஃபிரேமாக ஒருவரின் வேலை. செர்கிஸ் இதை ‘டிஜிட்டல் மேக்கப்’ என்று சொன்னபோது அனிமேட்டர்கள் கொதித்தார்கள். நடிகருக்கு ஆஸ்கர் தர வேண்டும் என்று 2011-லிருந்தே ஸ்டூடியோ பிரச்சாரம் செய்தது. நடிப்புப் பிரிவில் பரிந்துரைகூட வரவில்லை. 2011, 2014, 2017 என மூன்று படங்களும் விஷுவல் எஃபெக்ட்ஸுக்குப் பரிந்துரைக்கப்பட்டன. மூன்றுமே ஜெயிக்கவில்லை.

ஜெயித்தவர்கள் கதை இன்னும் கொடுமை. புதுச்சேரிப் பையனும் புலியும் வரும் ‘லைஃப் ஆஃப் பை’ 2013-ல் அந்த ஆஸ்கரை வாங்கியது. அந்தப் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹ்யூஸ் நிறுவனம் விழாவுக்குச் சில நாள் முன்பு திவாலாகியிருந்தது. ஹைதராபாத்திலும் மும்பையிலும் கிளை வைத்திருந்த நிறுவனம் அது. விழா அரங்குக்கு வெளியே கிராஃபிக்ஸ் தொழிலாளர்கள் பதாகை பிடித்து நின்றார்கள். மேடையில் விருது வாங்கியவர் நிறுவனத்தின் நெருக்கடியைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் இசையை ஓடவிட்டு மைக்கை அணைத்தார்கள்.

ஆக, முகமூடிக்குள் இருந்தது முன்பு ஒரு ஆள். இப்போது நூற்றுக்கணக்கான ஆட்கள். நடிகருக்கு அங்கீகாரம் கேட்கும்போது அனிமேட்டர் மறைகிறார், அனிமேட்டருக்குக் கேட்கும்போது நடிகர் மறைகிறார். இந்தச் சண்டையில் ஸ்டூடியோவுக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

*

மறுபடி கோபாவுக்கு வருவோம்.

2014 படத்தில் சீசர் அமைதியை விரும்புபவன். நீர்மின் நிலையத்தைச் சரிசெய்ய வந்த மனிதர்களுக்கு அனுமதி தருகிறான், மனிதர்கள் அவர்கள் வேலையைப் பார்க்கட்டும் என்கிறான். கோபா தன் உடம்பின் தழும்புகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, இதுவும் மனிதர்களின் வேலைதான், இதுவும்தான் என்று காட்டுகிறான். படத்திலேயே கனமான வாதம் அதுதான். அதற்குச் சீசரிடம் பதில் இல்லை. திரைக்கதையிடமும் இல்லை. அதனால் கோபாவைக் கெட்டவனாக்கிவிடுகிறார்கள். தலைவனையே சுடுகிறான், சொந்த இனத்தானைக் கொல்கிறான். ஸ்டாலினின் புனைபெயரும் கோபா என்பது தற்செயல் இல்லை. கறுப்புப் பட்டியலில் இருந்த வில்சன் தொடங்கிவைத்த தொடரில் அந்தப் பெயர் இப்படி வந்து சேர்ந்திருக்கிறது.

கடைசியில் குரங்கு குரங்கைக் கொல்லக்கூடாது என்ற சட்டத்தைச் சீசர் எப்படித் தாண்டுகிறான்? கோபாவைப் பார்த்து, நீ குரங்கே இல்லை என்கிறான். கையை விடுகிறான். கொல்வதற்கு முன்னால் திணையை மாற்ற வேண்டும். மனிதர்கள் நெடுங்காலமாகச் செய்துவருவதும் இதைத்தான். முதலில் அஃறிணை ஆக்குவது, மற்றதெல்லாம் பிறகு.

ஆனால் 1972-க்கும் 2014-க்கும் ஒரு வித்தியாசம் உண்டு. இந்தப் படம் சீசரின் கண்ணில் தொடங்கி அதே கண்ணில் முடிகிறது. அன்று கண்ணைக் காட்டியது வாயை மறைக்க. இன்று காட்டுவது உள்ளே என்ன ஓடுகிறது என்று பார்க்க. ஜெயித்துவிட்டோம் என்ற பெருமிதம் அந்தக் கண்ணில் இல்லை. கையை விட்டவனுக்குத் தான் என்ன செய்தோம் என்பது தெரியும். படம் கோபாவுக்குப் பதில் சொல்லவில்லை, ஆனால் கேள்வியை மறைக்கவும் இல்லை. ஒரு கோடைகால மசாலாப் படத் தொடர்ச்சியில் இது சின்ன விஷயம் கிடையாது.

இந்தப் படங்களில் ஒரு குரங்குகூட நிஜம் இல்லை. அது நல்ல விஷயம்தான். நிஜக் கோபாக்களுக்கு என்ன ஆனது? அமெரிக்காவில் ஆய்வுக்கூடச் சிம்பன்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு ஓய்வு தரும் முடிவு 2013-ல் வந்தது. கூண்டில் இருப்பவை உட்பட எல்லாச் சிம்பன்சிகளும் அழியும் நிலையில் உள்ள இனம் என்று 2015-ல் அறிவிக்கப்பட்டன, அவற்றின் உடம்பில் சோதனை நடத்துவது ஏறக்குறைய நின்றது. போன வாக்கியங்களில் ‘பெரும்பாலானவற்றுக்கு’, ‘அவற்றின்’ என்று எழுதியிருக்கிறேன், கவனித்தீர்களா? இலக்கணம் அப்படித்தான் எழுதவைக்கிறது.

கோபா வருகிறான் என்றுதான் நான் எழுதப் போகிறேன். டோபி கெப்பலுக்காகவும், அவர் முகத்தைப் போனபோ தாடைக்குள் ராப்பகலாக உட்கார்ந்து பொருத்தியவர்களுக்காகவும். சயாம் காட்டில் கல் இல்லாமல் கிடப்பவர்களை அதிகாரிகள் எந்தத் திணையில் எழுதினார்கள் என்று நினைத்துப் பார்த்தால், அஃறிணையைக் கொஞ்சம் யோசித்தே உபயோகிக்கத் தோன்றுகிறது.